பழைய சோறும் 73.91 மில்லிகிராமும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இப்போது ஹீமோகுளோபின் 9.4 என்று வந்திருக்கிறது. "ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள்" என்று கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, பழைய சோறு, கேழ்வரகுக் கூழ், வெந்தயம், மஞ்சள் பால் இவையே போதும், மாத்திரை வேண்டாம் என்கிறார். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவளுக்குச் சுறாப்புட்டு மட்டும் போதுமாம். இதில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு கதை?

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்கு வந்த செய்தி எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் பிறந்து, உணவு அறிவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் என்பதால் உறவினர் அத்தனை பேரும் எனக்கே அனுப்பிவைப்பார்கள். அதில் தவறாமல் ஓர் எண் இருக்கும்: நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுமாம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருந்தால் நம் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் நுண்ணுயிரிகள் எத்தனை கோடியாகப் பெருகினாலும் அவற்றால் இரும்பைப் படைக்க முடியாது. இரவு பானைக்குள் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். கூட வேண்டுமானால் பாத்திரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வர வேண்டும். ஒரே இரவில் எழுபது மில்லிகிராம் வந்து சேரும் அளவுக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர் இருந்தால், இந்நேரம் அதைச் சோற்றில் ஊற்றாமல் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

அந்தக் கணக்கின் தொடக்கமே ஆட்டம் காண்கிறது. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. வெந்த சோற்றில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் அது இன்னும் நீர்த்துப்போகும். 2020-இல் வந்த பரிந்துரைப்படி மாதவிடாய் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாண்டக் கூடாத உச்ச வரம்பு 45. அந்தச் செய்தி உண்மையானால் ஒரு கிண்ணம் பழைய சோறே வரம்பை மீறிவிடும். பழைய சோறு உண்டு துறைமுகத்துக்கும் மில்லுக்கும் போன நம் தாத்தாக்கள் இரும்பு மிகுந்து கல்லீரல் கெட்டிருப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்ற கணக்கும் வந்திருக்காது.

அப்படியென்றால் பழைய சோற்றில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தானியங்களில் ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்று உண்டு. அது இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்குத் தராது. புளிக்கும்போது அது ஓரளவு சிதைகிறது. கூடவே லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அதுவும் இரும்பு உள்ளே போக உதவும். அதாவது இருக்கிற இரும்பு கொஞ்சம், அதில் உடம்பில் ஒட்டுகிற பங்கு சற்றுக் கூடுகிறது. அந்த நீராகாரத்தோடு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்கிறோமே, அதற்கும் ஆதாரம் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெங்காயமும் பூண்டும் சேர்த்தால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று கண்டார்கள். ஆனால் அது செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த சோதனைக்கூட ஆய்வு. மனிதருடைய இரத்தத்தை அளந்தது அல்ல. எனக்கு அந்த ஆய்வு மிகவும் பிடிக்கும், என்றாலும் அதை வைத்து 9.4-ஐ 12 ஆக்க முடியாது.

உங்கள் அம்மா விஷயத்தில் வேறொன்று கவனிக்க வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பி12 குறைந்தாலும் இரத்தசோகை வரும். கால் மரத்துப்போகும், அதைச் சர்க்கரையால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆகவே இரும்பா, பி12-ஆ, சிறுநீரகமா, எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் "ஹீமோகுளோபின் குறைவு, அதனால் முருங்கைக்கீரை" என்று இறங்குவது வீண். மாதவிடாய் நின்றுபோன வயதில் காரணம் தெரியாமல் இரத்தம் குறைந்தால், அதை மருத்துவர் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பி12-உம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடப்பதாகவும் அதே செய்தி சொல்லும். புளிக்கவைக்கும் சில நுண்ணுயிரிகள் அதைச் சிறு அளவில் உண்டாக்கும் என்பது உண்மைதான், அதை நம்பி ஒரு குறைபாட்டைச் சரிசெய்ய இயலாது.

ஸ்டான்லி விஷயத்துக்கு வருகிறேன். அது பொய்ச்செய்தி இல்லை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை சிகிச்சைத் துறை, பழைய சோற்றை முறையாக ஆராய மாநில அரசின் நிதியாக 2.7 கோடி ரூபாய் பெற்றது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு அது உதவுகிறதா என்பது அதன் மையக் கேள்வி. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி நம் ஊர்ச் சோற்றைப் பரிசோதனைக் கூடத்துக்குள் கொண்டுபோனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதற்கும் நிரூபணமாகிவிட்டது என்பதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. மேலும் குடல் அழற்சியைப் பற்றிய ஆய்வு, அதன் முடிவு எப்படி வந்தாலும், சர்க்கரைக்கோ இரத்தசோகைக்கோ பதில் சொல்லாது.

சர்க்கரைக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று இந்தோனேசியாவிலிருந்து 2015-இல் வந்தது. வெந்த சோற்றைக் குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி சூடாக்கினால், செரிக்காமல் குடலின் கடைசிவரை போகிற மாவுச்சத்து நூறு கிராமுக்கு 0.64 கிராமிலிருந்து 1.65 கிராமாகக் கூடியது. ஆரோக்கியமான 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை ஏற்றமும் சற்றுக் குறைந்தது. நன்றாகக் கவனியுங்கள்: கூடியது ஒரு கிராம். மீதியிருக்கிற மாவுச்சத்து வழக்கம்போலச் சர்க்கரையாகத்தான் மாறும். அம்மா ஒரு கரண்டி பழைய சோற்றை மோர் ஊற்றி, வெங்காயத்தோடும் ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டோடும் சாப்பிட்டால் நானே கூட உட்கார்ந்துகொள்வேன். "பழையதுதானே, சர்க்கரை ஏறாது" என்று ஒரு சொம்பு இறக்கினால் ஏறும். கருவாட்டில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சமைத்த சோற்றைச் சித்திரை வெயிலில் மணிக்கணக்காக வெறுமனே வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு பிறகு சூடாக்கினாலும் போகாது. சோறு ஆறியவுடன் சுத்தமான தண்ணீரை ஊற்றிவிடுங்கள். காலையில் நூல் நூலாக இழுத்தாலோ புளிப்பு மணம் அல்லாமல் வேறு வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகுக் கூழ். ஆடி மாதம் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாக ஊற்றுகிற கூழில் கால்சியம் இருக்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம். அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இரவு கரைத்துப் புளிக்கவைப்பதால் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. ஆனால் "கேழ்வரகில் சர்க்கரை இல்லை" என்பது தவறு. நூறு கிராமில் ஏறக்குறைய 67 கிராம் மாவுச்சத்துதான். ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தினர் 2021-இல் சிறுதானியங்களைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றின் சராசரி கிளைசெமிக் குறியீடு (உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதன் அளவு) 52.7, தீட்டிய வெள்ளை அரிசியைவிட நன்றாகவே குறைவு என்று எழுதினார்கள். சராசரி என்பதை விட்டுவிடாதீர்கள். முழுத் தானியமாகச் சமைப்பதும், மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் குடிப்பதும் ஒன்றல்ல. நன்றாக அரைத்து வெந்த மாவு விரைவில் செரித்து விரைவில் சர்க்கரையாகிறது. அம்மாவுக்குக் கூழைவிட, கீரை போட்டுத் தட்டிய கேழ்வரகு அடை மேல். கூழ்தான் வேண்டுமென்றால் அளவாக, மோரும் வெங்காயமும் சேர்த்து.

வெந்தயத்துக்கு உண்மையிலேயே மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இருக்கின்றன, அதுவும் நம் நாட்டிலேயே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியைப் பத்து நாள் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. கேட்கவே குளிர்கிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை: ஒரு நாளைக்கு 100 கிராம். நம் வீட்டில் இரவு ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டி நான்கைந்து கிராம் இருந்தால் அதிகம். பிற்பாடு 1996-இல் இரண்டாம் வகை நோயாளிகள் 60 பேருக்கு 25 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. அதுவும் ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாது. வெந்தயத்தில் உள்ள பசைபோன்ற நார்ச்சத்து உணவின் சர்க்கரை மெதுவாக உறிஞ்சப்படும்படி செய்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு தேக்கரண்டி கெடுதல் இல்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். அளவைக் கூட்ட நினைத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாகற்காயைப் பற்றியும் கேட்பீர்கள்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2012-இல் நான்கு ஆய்வுகளை, 479 பேரை அலசிவிட்டு, சர்க்கரை நோய்க்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பொரியலுக்கு நல்ல காய்.

மஞ்சளில்தான் ஆராய்ச்சியும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். பாலில் போடும் ஒரு தேக்கரண்டியில் நூறு மில்லிகிராம்கூடத் தேறாது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், அதைப்போல இருபது மடங்கு, 2 கிராம் தூய குர்குமினையே கொடுத்தார்கள். இரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தென்படவில்லை. அதோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது அளவு 2000 சதவீதம் உயர்ந்தது. இந்த 2000-ஐத்தான் எல்லோரும் பரப்புகிறார்கள். ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று அம்மாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 2017-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் குர்குமினைப் பற்றி வந்த அத்தனையையும் திரும்பப் படித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும் அது நிலையற்ற, உடம்பில் சேராத பொருள். சோதனைக்குழாயில் பலவற்றோடும் ஒட்டிக்கொண்டு பொய்யான நம்பிக்கை தருகிறது என்று எழுதினார்கள். தொண்டைக் கரகரப்புக்கு மஞ்சள் பால் இதமாக இருக்கிறதா, குடியுங்கள். அதற்கு ஆராய்ச்சியின் அனுமதி தேவையில்லை.

எனக்கு மஞ்சளில் கவலை வேறு. பளபளப்பான மஞ்சள் நிறத்துக்காக விரலி மஞ்சளின் மேல் ஈய குரோமேட் பூசுகிற வழக்கம் தெற்காசியாவில் இருக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களிலிருந்து மாதிரிகள் எடுத்தது. பாட்னாவில் மிக மோசம். சென்னை மாதிரியிலும் வரம்புக்கு மேல் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இரத்தசோகையையும் உண்டாக்கும். ராசப்பச் செட்டி தெருவிலோ தங்கசாலையிலோ விரலி மஞ்சள் வாங்கும்போது மெருகேறிப் பளிச்சென்று இருப்பதைத் தவிர்த்து, மங்கலாக, தோல் சுருக்கம் தெரிவதாக வாங்குங்கள். "இம்யூனிட்டி" என்று எழுதிய டப்பாவைவிட அது முக்கியம்.

கஷாயங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவை உங்கள் வீட்டிலும் இருக்கும். 2012 டெங்குப் பரவலின்போது தெருத்தெருவாக ஊற்றிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என மொத்தம் ஒன்பது சரக்கு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் அது டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைக் கட்டுப்படுத்தியதாக 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. செல்லில் நடப்பதெல்லாம் காய்ச்சல்காரரிடம் நடப்பதில்லை. கபசுரக் குடிநீருக்குச் சென்னையிலேயே மனிதர்களிடம் பரிசோதனை நடந்தது: கோவிட் தொற்றியும் அறிகுறி இல்லாத 60 பேர், பாதிப் பேருக்குக் கஷாயம், பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் துத்தநாகமும். கஷாயம் குடித்தவர்களிடம் வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது. செய்ததே பாராட்டுக்குரியது. ஆனால் யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆட்களும் குறைவு. இதை வைத்து அடுத்த பெரிய ஆய்வைத் தொடங்கலாம், சுவரொட்டி அடிக்கக் கூடாது. அந்தக் குடிநீரில் சேரும் சரக்குகளில் ஒன்று சீந்தில். அதைத் தனியாக, மாதக்கணக்கில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அது வேறு கொடியாக இருக்கும் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. வேறு கொடியே என்றாலும், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதுதானே அதன் பொருள்?

உணவே மருந்து என்பதற்கு நான் அறிந்த மிக வலுவான சான்று இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. காசநோயாளிகளின் வீடுகளில் நடந்தது. ஜார்க்கண்டில் நடத்தி 2023-இல் லான்செட் இதழில் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில் நம் சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். எல்லா நோயாளிக்கும் உணவுப் பை உண்டு; வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதாமாதம் கூடுதலாக அரிசியும் பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி கண்டு உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு! எந்த மூலிகைக்கும் இப்படி ஓர் எண் கிடையாது. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் நெரிசலான ஒற்றை அறை வீடுகளில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? ஆனால் பருப்பை யாரும் கைப்பேசியில் பரப்ப மாட்டார்கள். அதில் ரகசியம் இல்லையே. அங்கேயும் நோயாளிகள் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தங்கை. சுறாப்புட்டு அருமையான புரதம். முள் கிடையாது, பூண்டும் மிளகும் சேர்ந்து வாய்க்கு ருசி, பிள்ளை பெற்றவள் நான்கு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள். பால் சுரக்கத் தேவையான சாப்பாடு அப்படித்தான் உள்ளே போகும். சிக்கல் என்னவென்றால், பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று அதிலுள்ள பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. வயதும் எடையும் குறைந்த பால் சுறாவில் பாதரசம் பெரிய சுறாவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே எப்போதாவது ஒரு நாள் பால் சுறாவில் புட்டு செய்தால் பதற வேண்டாம், தினமும் வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலையில் மலிவாகக் கிடைக்கிற நெத்திலியையும் மத்தியையும் மற்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மீன், பாதரசம் குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைய, நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை அரசுத் திட்டத்திலேயே உண்டு. வாங்கியிருக்கிறாளா என்று பாருங்கள். சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். டீயும் கால்சியம் மாத்திரையும் அதோடு வேண்டாம். அவை இரும்பை உள்ளே போக விடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். அம்மாவுக்கும் இரும்புக் குறைவு என்று தெரியவந்தால் இதே முறைதான்.